பச்சை ஒட்டிய பெட்டிகள்

பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வடக்கே திரும்பினால் ஒரு பழைய நூல் கிடங்கு வரும். நூல் வியாபாரம் நொடித்துப் பல வருஷமாகிறது. இப்போது அங்கே ஃபிரிட்ஜுகள் வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வாஷிங் மெஷின்கள். மூலையில் குவியலாகக் கிரைண்டரும் டி.வி.யும். வண்ணார்பேட்டையில் ஹெப்ரான் நடத்துகிற கடையில் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் சாமான்கள் அவை. கிடங்கும் ஹெப்ரானுடையதுதான். இங்கே பிரித்தெடுக்கிற பிளாஸ்டிக்கும் இரும்பும் செம்பும் மாதம் இரண்டு லாரியில் கம்பெனி ஆலைக்குப் போகும். அங்கே உருகிப் புதுப்பெட்டியாகி மறுபடி அதே கடைக்கு வந்து நிற்கும்.

"செத்த வீட்டுக்கும் பெறந்த வீட்டுக்கும் நாம ஒரே ஆளுதான் வேல பாக்கோம்" என்பாள் இசக்கித்தாய்.

அவளுக்கு உடைக்கிற வேலை. கதவு ரப்பரை ஒரே இழுப்பில் உருவுவாள். பிளாஸ்டிக்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, எந்தச் சாக்கில் போட வேண்டும் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். தகட்டுக்கும் உள்தட்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் மஞ்சள் நுரையைச் சுரண்டும்போது மட்டும் முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வாள். அந்தத் தூள் பட்டால் இரண்டு நாளைக்குச் சொறி அடங்காது.

அவள் புருஷன் பரமசிவன் மெக்கானிக். வந்திறங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் முதலில் பார்க்கிறவர் அவர்தான். ஓடக்கூடியது என்றால் பழுது பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். அது 'புதுப்பித்தது' என்ற பெயரில் கடையில் மலிவாக விற்பனைக்குப் போகும். தேறாது என்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டியது இசக்கித்தாய் கைக்குப் போகும். முப்பத்திரண்டு வருஷம் ஃபிரிட்ஜ் வேலை பார்த்தவர். அவர் பச்சை ஒட்டிவிட்டால் ஹெப்ரான் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மகள் தேன்மொழி கடையில் நின்றாள். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டி விற்றுக்கொடுக்கிற வேலை. அப்பா கழிப்பதும் அம்மா உடைப்பதும் மகள் விற்பதுமாக அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

2023 மார்கழி முதல் தேதி தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஜங்ஷனில் பஸ்கள் மூழ்கின. கீழே கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. தை பிறந்ததும் கிடங்குக்கு வந்த பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை. கதவைத் திறந்தால் வண்டல். சிலதில் செத்த மீன். ஒன்றில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. வெள்ளம் புகுந்த எதற்கும் பச்சை கூடாது, எல்லாமே உடைப்புக்குத்தான் என்று கம்பெனியிலிருந்து தாள் வந்தது.

பரமசிவன் அந்தத் தாளை வாசித்தார். வாசித்தும் ஏழு பெட்டிகளுக்குப் பச்சை ஒட்டினார்.

காசுக்காக ஒட்டவில்லை. ஏழும் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பெட்டிகள். மாசி, பங்குனி வெயிலில் கதவைத் திறந்து போட்டுக் காயவைத்தார். ரிலே, தெர்மோஸ்டாட் எல்லாம் புதிதாக மாற்றினார். கரண்டு எங்காவது கசிகிறதா என்று மெக்கர் வைத்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை சோதித்தார். முள் அசையவே இல்லை. எல்லாம் போய் நின்ற சனங்கள் கிடங்கு வாசலுக்கே வந்து, "அண்ணாச்சி, ஒரு பொட்டி இருந்தாச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நல்ல பெட்டியை உடைப்பது அவருக்குப் பாவமாகப் பட்டது. தாள் எழுதினவனுக்குப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்றும் பட்டது.

சித்திரையில் தேன்மொழி ஏழையும் விற்றுக்கொடுத்தாள். வாங்க வந்தவர்களிடம் அவள் சொன்னது ஒன்றுதான்:

"எங்கப்பா கை பட்ட பொட்டி. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

அவை வெள்ளத்துப் பெட்டிகள் என்று பரமசிவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

*

ஐப்பசி கடைசியில் ஒரு நாள். காலையிலிருந்து தூறல் விடவில்லை. இசக்கித்தாய் ஒரு பெட்டியின் பின்தகட்டைக் கழற்றி, நுரையில் உளியைக் கொடுத்தாள். காய்ந்த நுரை மொறமொறவென்று உதிரும். இது உதிரவில்லை. அடிப்பக்கம் ஊறின வடைபோல உளியோடு வந்தது. கையில் வைத்துப் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீர் முழங்கை வரை வடிந்தது. முகர்ந்து பார்த்தாள். ஆற்று வண்டல்.

"ஏங்க, கொஞ்சம் இங்கன வாங்க."

பரமசிவன் இன்னொரு ஃபிரிட்ஜிலிருந்து கேஸ் இறக்கிக்கொண்டிருந்தார். "என்னட்டி?"

"வாங்களேன்."

வந்தவரின் உள்ளங்கையில் நுரைக்கட்டியை வைத்து அழுத்தினாள். அவர் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். கம்ப்ரஸரிலிருந்து மேலே ஏறுகிற வயர் நுரைக்குள்ளே ஓரிடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பெட்டியை உடைக்காமல் அந்த இடத்தை ஒருவரும் பார்த்திருக்க முடியாது. கம்ப்ரஸர் மூடியில் மஞ்சள் பெயிண்டால் 'ப' என்று எழுதியிருந்தது. அது அவர் கையெழுத்து.

"வெயில்ல மேலாகக் காஞ்சிருக்கு. உள்ள காயலை. மழைக் குளிருல மறுபடி கசிஞ்சிருக்கு" என்றார். அவளிடம் சொல்வதுபோல இல்லை.

"இது எங்கன உள்ள பொட்டி?"

"கருங்குளம்."

இசக்கித்தாய் முகத்துத் துண்டை அவிழ்த்தாள். கருங்குளத்து மாரித்தாய் கதை போன வாரம் கடை வழியாக வீடு வரைக்கும் வந்திருந்தது. மாவெடுக்கக் கதவைத் தொட்டவளைக் கரண்டு தூக்கி எறிந்ததில் தோள்பட்டை விலகிவிட்டது. பிழைத்தது பெரிசு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வீட்டில் எர்த் இல்லை, அதுதான் காரணம் என்று உள்ளூர் வயர்மேன் சொல்லிவிட்டார். பெட்டியைப் பார்க்கவே பயந்து, மாரித்தாயின் மருமகன் அதைக் கடையில் தள்ளிவிட்டு வேறு எடுத்துப் போனான். அப்படித்தான் அது திரும்பவும் கிடங்குக்கு வந்திருந்தது. ஏழு வெள்ளத்துப் பெட்டிகள் தன் கைக்கு வராமல் வெயிலில் காய்ந்ததை இசக்கித்தாயும் பார்த்தவள்தான்.

"மிச்சம் ஆறு எங்கன இருக்கு?" என்று கேட்டாள் இசக்கித்தாய்.

பரமசிவன் பெட்டிக்குள்ளேயே பார்த்தார். கையிலிருந்த நுரையைக் கீழே போடாமல் நின்றார்.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இசக்கித்தாய் உளுந்தம்பருப்புச் சோறு வடித்து, எள்ளுத் துவையல் அரைத்திருந்தாள். தேன்மொழிக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. பாதி சாப்பாட்டில் பரமசிவன் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார்.

தேன்மொழி கையை உதறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. துவையலை விரலால் ஒதுக்கி வைத்தாள்.

"எப்பா, எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ விக்க மாட்ட."

"மாட்டேன்தான்."

"பொட்டி நல்லா இருக்குன்னு நெனச்சேன் பிள்ள."

"நீங்க நெனச்சிய. நான் சத்தியம் பண்ணிலா குடுத்தேன். மாரித்தாய்க்கா என்னைய கூப்பிட்டு என்ன சொன்னாவ தெரியுமா? 'ஒங்க அப்பா நல்ல பொட்டிதான் குடுத்தாவ, எங்க வீட்டு வயருதான் கோளாறு'ன்னு சொன்னாவ. நானும் ஆமாக்கான்னேன்."

இசக்கித்தாய் மகளின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். யாரும் கேட்காமலே வைத்தாள்.

"இனி பேசி என்ன ஆவ? ஆறு வீட்டுலயும் பிள்ளையளும் கிள்ளையளும் இருக்கும். மழ இப்பந்தான் தொடங்கியிருக்கு. போயிப் பைய எடுத்துட்டு வரப் பாருங்க ரெண்டு பேரும்."

"எடுத்துட்டு வந்தா அவியளுக்கு என்ன குடுப்பிய? வெறுங்கையா போயி நிப்பியளா?" என்றாள் தேன்மொழி.

ஆறு பேரின் நம்பர்களும் அவள் போனில் இருந்தன. விற்ற பிறகு 'பொட்டி எப்படி இருக்குக்கா' என்று கூப்பிட்டுக் கேட்பதும் அவள் வேலையில் சேர்த்திதான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழத்திப் போடுங்க, நாளைக்கு வந்து பாக்கோம்" என்றாள். ஐந்து பேர் எடுத்தார்கள். ஒருத்தி எடுக்கவில்லை.

*

திங்கள் காலை ஹெப்ரான் கடையைத் திறக்குமுன்னே பரமசிவன் ஷட்டருக்கு வெளியே நின்றார். ஹெப்ரானுக்கு அறுபது வயதிருக்கும். எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும்வரை சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நீரு என்னவே சொல்லுதீரு? வயர்மேனே வீட்டுக் கோளாறுன்னு சொல்லிட்டான். அந்தப் பொம்பளையும் அதான் சொல்லுதா. நீரு எதுக்குவே போயி வலிய மாட்டுதீரு?"

"பொட்டிக் கோளாறு அண்ணாச்சி. கண்ணால பாத்துட்டேன்."

"பாத்தீரு சரி. பேசாம இரும்."

"இன்னும் ஆறு கெடக்கு."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா கெடங்கைப் பூட்டுவான். உமக்கும் வேல இல்ல, உம்ம மகளுக்கும் வேல இல்ல. தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி. ஒரு உசுரு போச்சுன்னா என்ன செய்வோம்?"

ஹெப்ரான் ஷட்டரைப் பாதி தூக்கி அப்படியே விட்டார். எதிரே டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளத்துல படாத பச்சை எத்தனை இருக்கு?"

"எட்டு."

"ஆறை ஏத்திட்டுப் போம். ஏன் எதுக்குன்னு ஒருத்தர்ட்டயும் வாயைத் தொறக்கப்படாது."

முகம்மது சுல்தானின் லோடு ஆட்டோவில் இரண்டு பெட்டிகளைக் கட்டி ஏற்றினார்கள். பரமசிவனும் தேன்மொழியும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். சுல்தான் ஹெப்ரான் கடைக்குப் பத்து வருஷமாக ஓட்டுகிறவர். எதற்குப் போகிறோம் என்று அவர் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

முதல் வீடு கொக்கிரகுளத்தில். பேச்சித்தாய் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். பிளக்கைக் கழற்றியிருக்கவில்லை.

"கழத்திட்டா மாவு புளிச்சிராதா?" என்றாள்.

ஹெப்ரான் சொன்னதெல்லாம் பரமசிவனுக்கு அந்த வாசலிலேயே மறந்துவிட்டது. "யம்மா, இந்தப் பொட்டியில கரண்டு கசியும். நான் பாத்து விட்டதுல பெசகு. எடுத்துட்டுப் போயிருதேன்" என்றார்.

"ஆறு மாசமா நான் தொட்டுட்டுத்தான இருக்கேன். என்னைய அடிக்கலையே?"

"இன்னி வரை அடிக்கலை. மழ கூடுனா அடிக்கும்."

"ஓ! மக விப்பா, அப்பன் வந்து பிடுங்குவீரோ? வெள்ளத்துல எல்லாம் போயி, இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. வேற ஆளைப் பாரும்." கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

தேன்மொழி அப்பாவைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே வந்தாள். குரல் கடைக் குரலாக மாறியது.

"எக்கா, அப்பாவுக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. மழைக்கால ஆஃபர்க்கா இது. பழைய பொட்டியைக் குடுத்தா அதைவிடப் பெரிய பொட்டி. ஒரு பைசா குடுக்க வேண்டாம். ஆறு பேருக்குத்தான். ஒங்க பேரைத்தான் மொதல்ல எழுதினேன்."

"பைசா வேண்டாமா?"

"வேண்டாம்க்கா."

"இதை மொதல்லயே சொல்லாம மனுசன் கரண்டு கிரண்டுன்னு பயங்காட்டுதாரே!" பேச்சித்தாய் வழியை விட்டாள். பெட்டியை மாற்றி வைப்பதற்குள் மூன்று பேருக்கும் காப்பி வந்தது.

திரும்புகையில் பரமசிவன், "நெசத்தைச் சொன்னேன், வாசல்ல நிறுத்திட்டா. நீ பொய்யைச் சொன்ன, காப்பி போட்டுத் தாரா" என்றார்.

"நீங்க எனக்கு நெசத்தைச் சொல்லியிருந்தா நான் இப்பம் பொய் சொல்ல வேண்டாம்லா" என்றாள் தேன்மொழி. சுல்தான் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

அந்த வாரத்தில் ஐந்து வீடுகள் முடிந்தன. சேரன்மாதேவியில் ஒன்று, ஸ்ரீவைகுண்டத்தில் இரண்டு, ஏரலில் ஒன்று. எல்லா இடத்திலும் தேன்மொழிதான் பேசினாள். பரமசிவன் பெட்டியை இறக்கிக் கிடங்குக்குக் கொண்டுவந்து மெக்கர் வைத்துப் பார்த்தார். ஐந்தில் இரண்டில் முள் ஆடியது. பேச்சித்தாயுடையது அந்த இரண்டில் ஒன்று.

*

ஆறாவது பெட்டி புன்னக்காயலுக்குப் போயிருந்தது. தாமிரபரணி கடலில் சேருகிற இடம். வாங்கியவள் பெயர் அந்தோணியம்மாள், கருவாடு வியாபாரம் செய்கிறவள். போனை அவள் எடுக்கவே இல்லை. சனிக்கிழமை காலை நேரே போய் இறங்கினார்கள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டு முன்னால் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தாள்.

தேன்மொழி ஆஃபரைச் சொல்லி முடிக்கும்வரை அந்தோணியம்மாள் நெத்திலியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒரு ஆஃபரும் வேண்டாம். பொட்டி இங்க இல்ல."

"எங்கன இருக்குக்கா?"

"இல்லன்னா இல்ல. போங்க."

தேன்மொழி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரே அறை. ஃபிரிட்ஜ் இருந்த தடமே இல்லை. சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ புதிதாக மாட்டியிருந்தது.

"மகளுக்குக் கல்யாணமாக்கா?"

அந்தோணியம்மாளின் கை நின்றது. தேன்மொழிக்குப் புரிந்துவிட்டது. வைகாசியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். சீர் வரிசையில் ஃபிரிட்ஜும் போயிருக்கிறது. பச்சை ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுப் புதுசு என்று அனுப்பியிருக்கிறாள். இனி அங்கே போய் அதைப் பழசு என்று சொன்னால் பெண்ணின் தலை நிமிருமா?

தேன்மொழி தார்ப்பாய் ஓரத்தில் குந்தினாள். கடைக் குரல் வரவில்லை.

"எக்கா, ஆஃபருன்னு சொன்னது பொய். அது வெள்ளத்துல முங்குன பொட்டி. எனக்கும் தெரியாமத்தான் ஒங்களுக்கு வித்தேன். அதே மாதிரி ஒண்ணு கருங்குளத்துல ஒரு அக்காவத் தூக்கி அடிச்சுட்டு. ஒங்க மக கை நெதம் அந்தக் கதவைத் தொடும்லா?"

அந்தோணியம்மாள் பரமசிவனைப் பார்த்தாள்.

"பாத்து விட்டது நான்தாம்மா" என்றார் அவர்.

அவள் அவரைத் திட்டுவாள் என்று தேன்மொழி எதிர்பார்த்தாள். அவள் எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "நெத்தலியப் பாத்துக்க, நாய் வந்துரும்" என்றாள். உள்ளே போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"மணப்பாட்டுல இருக்கா. நானும் வாரேன். அவ மாமியா முன்னால பழசுன்னு ஒரு சொல்லு வந்துரக்கூடாது. வந்துச்சுன்னா நான் கடல்ல விழுந்துருவேன், ஆமா."

முன்னால் இடமில்லை. பரமசிவன் பின்னால் ஏறிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தோணியம்மாளும் முன்னால் உட்காராமல் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். காயல்பட்டினம் தாண்டி, திருச்செந்தூர் தாண்டி, குலசேகரன்பட்டினம் வரும் வரை இரண்டு பேரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். தசராக் கூட்டம் கலைந்து ஒரு மாதம் ஆகியும் ரோட்டோரம் பந்தல் கம்புகள் பிடுங்காமல் கிடந்தன. அதற்கப்புறம் அந்தோணியம்மாள் அந்த மாற்றுப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். பரமசிவன் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை உப்பளப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் அடுத்த வாரம் கம்பெனி அதிகாரியிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லப்போகிறார். ஹெப்ரான் இரண்டு மாதம் அவரோடு பேசமாட்டார். கம்பெனிக்காரர்கள் கிடங்கைப் பூட்டமாட்டார்கள். ஆனால் பச்சை ஸ்டிக்கர் கட்டை அவர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். வருகிற எல்லாமே உடைப்புக்கு என்று ஆகிவிடும். பரமசிவன் இசக்கித்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளியைப் பிடிப்பார். தேன்மொழிக்கு வேலை போகாது. அவளாக அதை விட்டு, பாளையங்கோட்டையில் வேறு கடைக்குப் போவாள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ஆட்டோவின் பின்னால் நின்றபோது இன்னும் ஒரு பெட்டி பாக்கி என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

*

மணப்பாட்டில் கோயில் குன்றுக்கு இந்தப் பக்கம், மூன்றாவது தெருவில் வீடு. சம்பந்தி ஃபிளோரா வாசலில் சீலா மீனை அரிவாள்மணையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மகன் ஜெனிஸ்டன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வாரம் ஒருதரம்தான் வருவான். லோடு ஆட்டோவையும் அதிலிருந்து இறங்குகிற சம்பந்தியையும் பார்த்தும் ஃபிளோரா எழுந்திருக்கவில்லை. மீன் கையோடு உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"என்ன சம்மந்தி, வண்டி வச்சுட்டு வாரிய?"

"ஃபிரிட்ஜுக் கம்பெனில இருந்து வந்திருக்காவ சம்மந்தி. மாத்தித் தாராவளாம்."

"அஞ்சாறு மாசப் புதுப் பொட்டிய என்னத்துக்கு மாத்துதாவ?"

அந்தோணியம்மாள் தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி வாயைத் திறப்பதற்குள் பரமசிவன் முந்திக்கொண்டார்.

"பொட்டியைப் பாத்துக் கடைக்கு அனுப்புறவன் நான்மா. இதை அனுப்பையில என் கையில ஒரு பெசகு வந்துட்டு. சம்மந்தி மேல ஒரு குத்தமும் இல்ல. என் மேலதான்."

ஃபிளோரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள போங்க" என்றாள்.

ஃபிரிட்ஜ் அடுப்படிக்கு முன்னால் நின்றது. அதன் முன்னே தரையில் அகலமான ஒரு பலகை கிடந்தது. பழைய வள்ளத்துப் பலகை, ஓரத்தில் ஆணித் துளைகளோடு. பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அடுப்படிக்குள்ளிருந்து அந்தோணியம்மாளின் மகள் ரெனிஷா வந்தாள். அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

பரமசிவன் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஃபிரிட்ஜின் கைப்பிடித் திருகில் வைத்தார். விளக்கு எரிந்தது. மங்கலாக இல்லை, நன்றாகவே எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினார்.

"இந்தப் பலகை எத்தன நாளா கெடக்கு தாயி?" என்று கேட்டார்.

ரெனிஷா அம்மாவைப் பார்த்தாள்.

"ஒன்னத்தான் கேக்காரு" என்றாள் ஃபிளோரா வாசலிலிருந்து.

"மூணு வாரமா. மொதல்ல சுள்ளுன்னு குத்துச்சு. பெறகு கை மரத்துச்சு. அதான் பலகை போட்டு, செருப்புப் போட்டுட்டுத் தொறப்பேன்."

"ஏன்ட்டி எனக்குச் சொல்லலை?" என்றாள் அந்தோணியம்மாள்.

"எப்பிடிம்மா சொல்ல? நீ மூணு வருசம் கருவாடு சொமந்து வாங்குனது. கொறைன்னு சொன்னா நீ என்ன நெனப்ப? இங்க உள்ளவிய என்ன நெனப்பாவ?"

"மாமியா தொட்டிருந்தா?"

"மாமி தொடாம நான் பாத்துக்கிட்டேன். எது கேட்டாலும் நான்தான் ஓடி வந்து எடுத்துக் குடுப்பேன்."

ஃபிளோரா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். மருமகள் மூன்று வாரமாகக் கேட்டதெல்லாம் ஓடி ஓடி எடுத்துத் தந்த காரணம் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சுல்தானும் பரமசிவனும் பழைய பெட்டியைத் தூக்கிப் போய் வண்டியில் ஏற்றிவிட்டு, மாற்றுப் பெட்டியை அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பின்கட்டில் பரமசிவன் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டினார். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, வண்டியில் கொண்டுவந்திருந்த குழாய் ஒன்றை இறக்கி, எர்த் வயரை இழுத்துக்கொண்டு வந்து பிளக்கில் சேர்த்தார். மணல் தரை, சீக்கிரம் தோண்ட வந்தது. ஆனாலும் முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. இதற்கிடையில் ஃபிளோரா நேரே மாற்றுப் பெட்டியிடம் வந்தாள். பக்கவாட்டில் சதுரமாகப் பிசுபிசுத்த இடத்தை மீன் படாத விரலால் ஒருமுறை தடவினாள். அந்தோணியம்மாள் அதைப் பார்த்தாள். ஃபிளோரா விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, "சம்மந்தி, வெயில்ல வந்திருக்கிய. ரசம் இருக்கு, ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றாள்.

பெட்டி ஓட ஆரம்பித்தது. பரமசிவன் பலகையை எடுத்து வெளியே சாத்தினார். ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதில் வெறுங்காலோடு நின்று, கதவையும் பக்கங்களையும் பின்புறத்தையும் தொட்டுக் காட்டினார்.

"இப்பம் தொடு தாயி."

ரெனிஷா வரவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படி நிலையிலேயே நின்றாள். தேன்மொழி போய்த் தொட்டுக் காட்டினாள். அப்போதும் வரவில்லை. அந்தோணியம்மாள் ஈரத்தில் இறங்கினாள். இரண்டு உள்ளங்கையையும் கதவில் பதித்து, கன்னத்தையும் வைத்து அப்படியே நின்றாள். எடுக்கவே இல்லை. அவள் தோள் குலுங்குவது பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்தது.

"எம்மா, எடும்மா கைய, எடு" என்று ரெனிஷா ஓடிவந்து அம்மாவைப் பிடித்து இழுத்தாள். இழுத்தபோது அவள் காலும் ஈரத்தில் இருந்தது, தோள் கதவில் பட்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அது அவளுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ஃபிளோரா மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சரி, ஒத்துங்க ரெண்டு பேரும். மீனு கெட்டுரும்" என்று சொல்லி, தானே கதவைத் திறந்தாள்.